உணவே அரண்: செங்கைச் சீமை தந்த காசநோய்ப் பாடங்கள்

முன்னுரை

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அதனைப் புரட்டுவோர் வேர்களின் பெயரையும் இலைகளின் பெயரையும் அங்கே எதிர்பார்ப்பது இயல்பு. பத்துக் குறட்பாக்களில் ஒன்றிலேனும் ஒரு மூலிகையின் பெயர் இல்லை. முன் உண்டது செரித்ததா, பசி வந்ததா, உண்பது உடலோடு ஒத்துப் போகுமா, அளவு தெரிந்து உண்கிறோமா என்பனவே அவற்றுள் பெரும்பாலானவற்றின் பேச்சு. உண்ணும் முறை அறிந்தார்க்கு மருந்தின் தேவை குறையும் என்பது அவர்தம் துணிபு.

இக்கருத்து எந்த அளவு உண்மை? உணவு மட்டுமே நோயை வெல்லுமா? மருந்து இருக்கையில் உணவுக்கு வேலை என்ன? இவ்வினாக்களுக்கு மேடைப் பேச்சால் விடை காண இயலாது. மக்களிடையே ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வுகளால்தான் காண இயலும். அத்தகைய ஆய்வுகளுள் உலகமே திரும்பிப் பார்த்தவை சில, நம் சென்னையிலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் நிகழ்ந்தன என்பதை நம்மில் பலர் அறியோம். காசநோய் என்னும் ஒரு நோயைச் சான்றாகக் கொண்டு, உணவுக்கும் உடலின் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள உறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடல் என்னும் கோட்டை

பகைவர் மதிலை வளைத்துக்கொள்ள, உள்ளிருப்போர் அதனைக் காத்து நிற்றலை நொச்சித் திணை என வகுத்தனர் நம் இலக்கண நூலார். நம் உடலும் நாள்தோறும் நொச்சிப் போர் புரிந்துகொண்டே இருக்கிறது. தோலும், மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்பரப்பில் படர்ந்த சளிப்படலமும் அதன் புறமதில்கள். இரைப்பையில் ஊறும் அமிலம் அகழி போன்றது; உணவோடு உட்புகும் கிருமிகளுள் பெரும்பாலானவை அதிலேயே மடிகின்றன.

இவற்றையும் கடந்து வருவனவற்றை எதிர்கொள்பவை இரத்தத்திலும் திசுக்களிலும் உலவும் வெள்ளணுக்கள். அவற்றுள் ஒருவகை, கிருமியைக் கண்ட இடத்தில் விழுங்கிச் செரித்துவிடும். இவற்றை விழுங்கணுக்கள் எனலாம். மற்றொரு வகை நிணநீர் அணுக்கள். இவை பகைவனின் அடையாளத்தை அறிந்து, அவனுக்கென்றே தனிப்படை திரட்டுவன. அவற்றுள்ளும் சில எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்யும். சில விழுங்கணுக்களுக்கு ஆணையிட்டு ஊக்கமூட்டும். ஒருமுறை வந்த பகைவனை நினைவில் வைத்திருந்து, மறுமுறை அவன் வரும்போது விரைந்து தாக்குவதும் இவற்றின் இயல்பு. தடுப்பூசிகள் யாவும் இந்நினைவாற்றலை நம்பியே செயற்படுகின்றன.

காசநோய்க் கிருமி சற்று வேறுபட்ட பகைவன். 1882 ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் இதனை உலகுக்கு வெளிப்படுத்தினார். தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகும் சூழ்ச்சி இதற்கு உண்டு. ஆகவே உடல் அதனைக் கொல்ல இயலாதபோது சிறைவைக்கிறது. விழுங்கணுக்களும் நிணநீர் அணுக்களும் சூழ்ந்து நின்று, சுவர் எழுப்பிச் சிறு முடிச்சாக ஆக்கிவிடுகின்றன. உலக மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் இக்கிருமி இவ்வாறு உறங்கிக் கிடந்திருக்கும் என உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. எனினும் கிருமி புகுந்தவருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே வாழ்நாளில் நோயாளர் ஆகின்றனர். எஞ்சியோரைக் காப்பது அச்சுவர்.

அச்சுவர் ஒருமுறை எழுப்பிவிட்டால் நிலைத்து நிற்பதன்று; காவலர் நாளும் மாறி மாறி நின்று காக்க வேண்டியது. அக்காவலர்க்குச் சோறிடுவது யார்? வள்ளுவர் 'அரண்' என்னும் அதிகாரத்தில், கொள்வதற்கு அரியதாக இருப்பதோடு உள்ளிருப்போர்க்கு வேண்டிய உணவும் நிறைந்திருப்பதே கோட்டை என்று இலக்கணம் கூறுகிறார். மதில் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் களஞ்சியம் காலியானால் கோட்டை வீழும். உடலுக்கும் இதே விதிதான்.

எதிர்ப்பொருள்கள் அனைத்தும் புரதங்கள். புதிய வெள்ளணுக்கள் உருவாகவும் புரதம் வேண்டும். அது குறைந்த குழந்தைகளுக்கு, நிணநீர் அணுக்கள் பயிற்சி பெறும் இடமாகிய தைமஸ் சுரப்பியே சுருங்கிவிடுகிறது. உயிர்ச்சத்து ஏ குறைந்தால் சளிப்படலம் வறண்டு புறமதில் விரிசலுறும். துத்தநாகமும் இரும்பும் குறைந்தால் அணுக்களின் பெருக்கம் தளரும். உயிர்ச்சத்து டி, விழுங்கணுவுக்குள் கிருமியைக் கொல்லும் பொருள் உருவாகத் துணைபுரிகிறது. எனினும் தனியொரு சத்தை மாத்திரையாக விழுங்கினால் போதும் என்று கருதுதல் பொருந்தாது. மங்கோலிய நாட்டுப் பள்ளிச் சிறாருக்கு மூன்றாண்டுகள் உயிர்ச்சத்து டி கொடுத்து நடத்திய ஆய்வில், காசநோய்த் தொற்று குறையவில்லை என 2020 இல் தெரியவந்தது. காவலர்க்கு வேண்டுவது முழுச் சாப்பாடு.

தாம்பரம்: காற்றும் பாலும் மருந்தாக இருந்த காலம்

காசநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த காலத்தில் மருத்துவர்கள் நம்பியது மூன்றனை: தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு. அக்கொள்கையின் வடிவமாக 1928 இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தோற்றுவித்தவர் டாக்டர் சௌரி முத்து. இன்றும் அங்குள்ள இரயில் நிலையம் அப்பெயராலேயே வழங்குகிறது. 1937 இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் தொண்டாற்றுகிறது. 2019 இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது தாம்பரமும் அதன் எல்லைக்குள் வந்தது.

இம்முறையால் சிலர் தேறினர்; பலர் மாண்டனர். உணவால் காவலர் வலுப்பெற்றாலும், ஏற்கெனவே சுவரை உடைத்துப் பெருகிவிட்ட பகையை அவர்களால் மட்டும் வெல்ல இயலவில்லை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952 இல் ஐசோனியாசிடும் வந்த பின்னரே நிலைமை மாறியது.

1956: உணவா, மருந்தா?

மருந்து வந்ததும் புதிய சிக்கல் எழுந்தது. நோயாளர் பல இலட்சம். சானடோரியப் படுக்கைகளோ சில ஆயிரம். ஏழை நோயாளியை அவன் குடிசையிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாவானா? நெருக்கமான வீடு, அரைவயிற்றுக் கஞ்சி, ஓயாத உழைப்பு ஆகியவற்றுக்கிடையே மருந்து வேலை செய்யுமா? இதனை அறிய 1956 இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் நிறுவப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்து நடத்திய அம்மையத்தின் முதல் தலைவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

193 ஏழை நோயாளர் தேர்ந்தெடுக்கப்பெற்று, ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மறுபகுதியினர் தம் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்தை உட்கொண்டனர். சானடோரியத்தார்க்கு நல்லுணவும் ஓய்வும் வாய்த்தன. வீட்டிலிருந்தோர் உண்டது குறைவு. அதிலும் புரதம் மிகக் குறைவு. 1959 இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. சானடோரியத்தார்க்கு எடை வெகுவாகக் கூடியது உண்மை. ஆயினும் கிருமி ஒழிந்து குணமடைந்தோர் விகிதத்தில் இரு சாராருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. வீட்டில் உடனிருந்தோர்க்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை.

சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இவ்வாய்வே பெருங்காரணம் எனலாம். 'நல்ல சாப்பாட்டுக்கு வழி இல்லையே, மருந்து எப்படிப் பிடிக்கும்?' என்று தயங்கி மருந்தைத் தள்ளிப்போடும் வழக்கம் இன்றும் சில குடும்பங்களில் உண்டு. அத்தயக்கம் தேவையற்றது என்பதை 1959 ஆம் ஆண்டே நம் சென்னை நகரம் உலகுக்கு உணர்த்திவிட்டது. கண்டறிந்த அன்றே மருந்தைத் தொடங்குதல் வேண்டும்.

1968: செங்கற்பட்டின் தடுப்பூசி ஆய்வு

மருந்தால் நோயாளி குணமாவார். நோய் வராமலே தடுக்க வழி உண்டா என்பது அடுத்த வினா. பி.சி.ஜி. தடுப்பூசி அதற்கென உருவானது. கிண்டியில் 1948 முதல் அதற்கென ஆய்வுக்கூடமும் இயங்கியது. அதன் ஆற்றலை அளந்தறிய அன்றைய ஒருங்கிணைந்த செங்கற்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்களை உள்ளடக்கி, 1968 இல் பேராய்வு ஒன்று தொடங்கியது. ஏறத்தாழ மூன்றரை இலட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி அது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு ஊசி போடப்பெற்றது. சிலர்க்கு மெய்யான தடுப்பூசி, சிலர்க்கு வெறும் நீர்மம். யார்க்கு எது என்பதைப் போட்டுக்கொண்டவரும் அறியார், போட்டவரும் அறியார்.

ஏழரை ஆண்டுக் கணக்கின் முதல் முடிவு 1979 இல் வெளிவந்தபோது அறிஞர்கள் திகைத்தனர். பெரியவர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999 இல் வெளியானபோதும் அம்முடிவு உறுதியாயிற்று. நம் மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவினமான நுண்ணுயிர்களோடு மக்கள் உடல் முன்னரே பழகிவிட்டமையால், ஊசி புதிதாகச் சேர்க்க ஏதும் இல்லாது போயிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் விளக்கம். பச்சிளங் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் முதலிய கொடிய காசநோய் வகைகளினின்று பி.சி.ஜி. காக்கிறது என்பது பிற ஆய்வுகளால் தெளிவு. ஆகவே பிறந்த குழந்தைக்கு அதனைப் போடுதல் தவறாத கடமை. பெரியவரைக் காக்க வேறொரு வழி தேவை என்பதே செங்கற்பட்டு கற்பித்த பாடம்.

உணவே தடுப்பூசியாய்

அவ்வழி நம் சோற்றுப் பானையிலேயே இருந்தது. வரலாற்றில் அதற்குக் குறிப்புகள் பல. முதல் உலகப் போரின்போது டென்மார்க் நாடு தன் இறைச்சியையும் மீனையும் வெண்ணெயையும் பிறநாடுகளுக்கு விற்றுவந்தது. உள்நாட்டில் காசநோய்ச் சாவு பெருகியது. 1918 இல் கடல்வழி அடைபட்டு ஏற்றுமதி நின்றது, அவ்வுணவு உள்நாட்டார்க்குக் கிடைத்தது, சாவு குறைந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிறைமுகாம்களில் அடைபட்டிருந்த பிரிட்டிஷ் கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலம் கிடைத்தது. ரஷ்யக் கைதிகளுக்குக் கிடைக்கவில்லை. முகாம் ஒன்றே எனினும் ரஷ்யரிடையே காசநோய் பன்மடங்காக இருந்தது. உயரத்துக்கேற்ற எடையைக் கணக்கிடும் உடல்நிறைக் குறியீடு ஓர் அலகு குறைந்தால், காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு கூடும் எனவும் பின்னாளில் கணித்துள்ளனர்.

எனினும் முறையான சோதனை வாயிலாக இதனை நிறுவ 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளர், அவர்தம் வீட்டார் 10,345 பேர் ஆகியோரிடையே டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் நடத்திய ஆய்வு அது. 1956 இல் சென்னையில் தோன்றிய அதே மையம், இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து, இவ்வாய்விலும் பங்கேற்றது என்பது நமக்குப் பெருமை தருவது. நோயாளர் அனைவர்க்கும் உணவுக்கூடை வழங்கினர். வீட்டார்க்கோ ஒரு பிரிவினர்க்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை ஆகியன கூடுதலாகக் கிடைத்தன.

2023 இல் முடிவு வெளியாயிற்று. கூடுதல் உணவு பெற்ற வீட்டாரிடையே காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. பிறர்க்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. நோயாளர்க்கும் இதில் பாடம் உண்டு. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியோர்க்கு இறப்பு வாய்ப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது.

1959 ஆம் ஆண்டு முடிவும் 2023 ஆம் ஆண்டு முடிவும் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றும். ஊன்றி நோக்கின் முரண் இல்லை. மதிலை உடைத்துப் புகுந்துவிட்ட பகையை அழிப்பது மருந்து. அங்கே உணவு மருந்துக்கு ஈடாகாது. மதில் உடையாமல் காப்பதும், போரில் தளர்ந்தவன் உயிரோடு எழுந்து நிற்கத் துணையாவதும் உணவு. அங்கே மருந்து உணவுக்கு ஈடாகாது.

கடற்கரை உணவும் கல்தூசியும்

நம் வட்டாரத்தில் இவ்வுணவு எங்கே உள்ளது? கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான மீனவர் குப்பங்களில் நெத்திலியும் மத்தியும் காரப்பொடியும் விலை குறைந்த மீன்கள். விலை குறைவு என்பதால் சத்து குறைவன்று. நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. முள்ளோடு உண்ணும் சிறுமீன்களில் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. மதுராந்தகம் ஏரிப் பாசனம் நெல்லுக்குப் பேர் பெற்றது. ஆயின் தீட்டிய அரிசிச் சோறு மட்டும் வயிற்றை நிரப்புமேயன்றிக் காவலரை ஊட்டாது. 50 கிலோ எடையுள்ளவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிராம் புரதம் வேண்டும். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. சோற்றோடு பருப்பைப் பிசைந்து உண்ட நம் முன்னோர் பெயர் அறியாமலே அக்குறையை நிரப்பினர். கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் வேர்க்கடலையும் இவ்வட்டாரத்து ஏழையின் செல்வங்கள். கருவாடும் நல்ல புரத உணவே. உப்பு மிகுதியாதலால் இரத்த அழுத்தம் உடையோர் அளவு காத்தல் வேண்டும்.

மிகுதியும் குறைவைப் போன்றே கேடு தரும். சர்க்கரை நோயாளர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரினும் இரண்டு மூன்று மடங்கு. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை வெள்ளணுக்களைச் செயலிழக்கச் செய்வதே காரணம். வேளைக்கு வேளை இனிப்புத் தேநீரும் மைதாப் பண்டமுமாக வாழ்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்றும் கூறியாக வேண்டும். மாமல்லபுரம் இன்றும் சிற்பிகளின் ஊர். கருங்கல்லை அறுத்து இழைக்கும்போது எழும் நுண்தூசியில் சிலிக்கா உண்டு. அதனை விழுங்கிய விழுங்கணு மடிந்துபோகிறது. நுரையீரலின் காவல் குலைகிறது. ஆதலால் கற்சிற்பிகளும் கல்குவாரித் தொழிலாளரும் காசநோய்க்கு எளிதில் இரையாகின்றனர். எவ்வளவு ஊட்டமாக உண்டாலும் இத்தூசிக்கு அது மாற்றாகாது. கல்லை நனைத்து அறுத்தல், தகுந்த முகக்கவசம் அணிதல், ஆண்டுதோறும் மார்புப் படம் எடுத்தல் ஆகியனவே காப்பு.

மருந்துக்கும் உணவுக்கும் உள்ள உறவும் பகையும்

ரிஃபாம்பிசின் என்னும் மருந்து வெறும் வயிற்றில் நன்கு உடலிற் சேரும்; மருத்துவர் குறித்த வேளையைப் பேணுதல் நலம். ஐசோனியாசிட் உடலிலுள்ள உயிர்ச்சத்து பி6 ஐக் குறைத்துக் கைகால் எரிச்சல் தரக்கூடும். அதற்கென மாத்திரை கொடுப்பர். கடற்கரையோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கெடத் தொடங்கிய சூரை முதலிய மீன்களில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். ஐசோனியாசிட் உண்போர் உடலால் அதனை எளிதில் சிதைக்க இயலாது. முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு தோன்றும். இலங்கை மார்பு மருத்துவர் சி.ஜி. உரகொட 1970களில் இதனை விளக்கி எழுதினார். மீனையே விலக்க வேண்டுவதில்லை. பிடித்த அன்றே சமைத்த புதுமீனாக இருந்தால் போதும்.

நோன்புக் காலத்தில் மருந்தை நிறுத்திவிடும் நோயாளரும் உளர். நோயுற்றோர் வேறு நாள்களில் நோற்றுக்கொள்ளலாம் எனத் திருமறையே சலுகை வழங்கியிருக்க, ஆறு மாத மருத்துவத்தை இடையில் முறிப்பது முறையன்று. முறிந்த மருத்துவம் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்து, வீட்டார்க்கும் அதனைப் பரப்பும். இதனை எடுத்துரைக்கும் பொறுப்பு ஊர்ப் பெரியோர்க்கு உண்டு.

நாம் செய்யத்தக்கன

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறிடும் மரபில் தமிழகம் முன்னோடி. 1956 இல் பெருந்தலைவர் காமராசர் காலத்து மதிய உணவும், 1982 இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022 இல் வந்த காலை உணவும் பிள்ளைகளின் அரணை வலுப்படுத்துவன. காசநோயாளர்க்கு உணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் நடுவண் அரசுத் திட்டம் 2018 இல் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழக அரசு 2022 இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நோய் கண்ட அன்றே எடையையும் மூச்சையும் சோதித்து, மிக மெலிந்தோரையும் எழுந்து நிற்க இயலாதோரையும் மருத்துவமனையில் சேர்க்க வழிசெய்கிறது.

2022 முதல் தனியாரும் சங்கங்களும் நோயாளர்க்கு உணவுக்கூடை வழங்கும் பொறுப்பை ஏற்கலாம். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும், ஜமாஅத்துகளும், அறக்கட்டளைகளும் இதில் முன்வரலாம். அவ்வாறு வழங்கும்போது ஜார்க்கண்ட் பாடத்தை மறவாதிருத்தல் வேண்டும்: கூடை நோயாளிக்கு மட்டும் போதாது, அவரோடு ஒரே கூரையின் கீழ் உறங்கும் மனைவி மக்களுக்கும் சேர்த்து வேண்டும். ஏழை வீட்டில் நோயாளிக்கென வந்த முட்டை குழந்தைக்குப் போகும். தாய் இருவர்க்கும் கொடுத்துவிட்டுத் தான் நீராகாரம் குடித்துப் படுப்பாள். அடுத்து நோய் தேடி வருவது அத்தாயையே.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமின்றிக் குறையும் எடை ஆகிய மூன்றனுள் ஒன்று தோன்றினும் அரசு மருத்துவமனையிலோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ சளிப் பரிசோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

முடிவுரை

எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என்று பொடிகளும் குடிநீர்களும் 2020 ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் கடைதோறும் குவிந்தன. அவற்றுக்குச் செலவிட்ட பணத்தில் எத்தனை வீடுகள் பருப்பும் முட்டையும் வாங்கியிருக்கலாம் என எண்ணிப் பார்த்தல் நன்று. நாள்தோறும் அளவறிந்து உண்ணும் பலவகை உணவு, நோய் கண்டதும் தயங்காது தொடங்கி முடியும்வரை உண்ணும் மருந்து, தூசியும் புகையுமற்ற காற்று ஆகிய மூன்றும் சேர்ந்ததே உடலின் அரண். தாம்பரமும் சென்னையும் செங்கற்பட்டும் ஏறத்தாழ நூறாண்டுகளாக நமக்குக் கற்பித்து வருவது இதுவே. மாணவச் செல்வங்கள் இதனை இன்றே தத்தம் வீட்டு அடுக்களைக்கும், அடுத்த வீட்டு அடுக்களைக்கும் கொண்டு செல்வார்களாக.